இராவணன் மீசை நடுகிறவர்கள்

இராவணன் மீசையை வெட்டிச் சுத்தம் பண்ண ஆள் வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் பத்துப் பேரைப் பிடித்துவிடலாம். அதை நடுவதற்கு ஆள் கேட்டால் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். காலில் குத்தும், கையில் குத்தும், மாடு வாய் வைக்காது, அடுப்புக்கும் ஆகாது. அப்படிப்பட்ட புல்லைக் கூலி கொடுத்து நடுவது யாருக்கும் நியாயமாகப் படாது. நான் அந்த வேலையைத்தான் தொழிலாகச் செய்துவருகிறேன்.

வினாயகபுரம் திருக்கோவிலுக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். வடக்கே தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் அடுத்தடுத்துக் குடியிருக்கிற ஊர்கள். தெற்கே சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில், பாணமை. இலங்கையின் ஆகக் கிழக்கே நீட்டிக்கொண்டிருப்பது சங்கமன்கண்டி முனை. கல்முனையில் கடலுக்கும் வீட்டு மதிலுக்கும் இடையில் மணல் ஒரு கீற்றாகத்தான் இருக்கும். தெற்கே போகப் போக ஊர் ஐதாகி, மணல் அகலும். பொத்துவிலுக்குப் போனால் மணல் மலையாகவே எழும்பி நிற்கும்.

அந்த மணலில் கடலுக்கு முதலில் முகம் கொடுக்கிற செடிகள் இரண்டு. ஒன்று அடம்பன் கொடி. மற்றது இராவணன் மீசை. அடம்பனுக்கு ஊதாப்பூ உண்டு, பழமொழி உண்டு, பார்க்கிறவர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. மீசைக்கு ஒன்றும் இல்லை. சாம்பல் பூத்த பச்சை நிறம். இலை தட்டையாக விரியாமல் உள்ளுக்குச் சுருண்டு, விறைத்து, நுனி ஊசியாக முடியும். உள்ளே இருக்கிற ஈரம் வெயிலில் போகாமல் காப்பது அந்தச் சுருட்டுத்தான். தண்டு மணலுக்கு மேலே பல மீற்றர் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர், மேலே ஒரு குத்து இலை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்ளுப் பந்தாகத் திரண்டு ஒரு சாண் அகலம்கூட வரும். முற்றினதும் காம்பிலிருந்து கழன்று, காற்றோடு கரை நெடுக உருண்டு ஓடும். ஓடுகிற வழியெல்லாம் விதையைச் சிந்திக்கொண்டு போய், ஏதாவது ஒரு பள்ளத்தில் தட்டி நிற்கும். பின்னேரத்தில் எங்கள் பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடும். இதே புல் தனுஷ்கோடிக் கரையிலும் உண்டு, அங்கேயும் இதே பெயர்தான். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா, தென்சீனா, தாய்வான் வரை இது பரவியிருக்கிறது.

மணல்மேடு எப்படி உண்டாகிறது என்று கேட்பவர்களை நான் ஒரு குத்து மீசைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்க் குந்தச் சொல்வேன். பின்னேரம் மூன்று மணிக்குக் கடற்காற்று ஏறும். காய்ந்த மணல் தரையோடு தரையாக ஓடத் தொடங்கும். அதிலே பெரும்பகுதி முழங்காலுக்கு மேலே எழும்பாது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, குந்தினால்தான் கன்னத்தில் படும். அந்த மணல் மீசைக்குள் புகுந்ததும் காற்றின் வேகம் செத்துவிடும். தூக்கிக்கொண்டு வந்ததை அங்கேயே போட்டுவிடும். குத்துக்குப் பின்பக்கம், காற்று மறைவில், ஒரு சின்ன மேடு வால்போல நீளும். வேறு செடி என்றால் மணல் மூடினால் சாகும். மீசை மூட மூட மேலே வரும். புதைந்த கணுவெல்லாம் வேர்விடும். மேடு ஒரு சாண் உயர்ந்தால் புல்லும் ஒரு சாண் உயரும். மார்கழிக் கடல் ஒரு பழைய மேட்டை வெட்டிவிட்டுப் போன பிறகு அந்த வெட்டுமுகத்தைப் போய்ப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு வேரும் தண்டும் அடுக்கடுக்காகத் தொங்கும். மேட்டுக்குள் எலும்பாக இருப்பது அவைதான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாட்டிலே வேறெந்த மாவட்டத்துக்கும் அவ்வளவு இழப்பு இல்லை. அந்த நாளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், அதைத் தாங்குகிற கட்டுரை இதுவல்ல. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே இலங்கைக் கரையைச் சுற்றிப் பார்த்த சர்வதேச ஆய்வுக்குழு யாலப் பக்கத்தில் கண்டதை 2005இல் அறிக்கையாக எழுதியது. அங்கே ஒரு விடுதிக்கு முன்னால் இருந்த மணல்மேட்டை, கடல் வடிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியால்தான் கடல் உள்ளே வந்தது. விடுதி முழுதாக அழிந்தது. அக்கம்பக்கத்தில் மேடு மேடாகவே இருந்த இடங்கள் தாக்குப்பிடித்தன. இந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பழைய ஆட்கள் ஆச்சரியப்படவில்லை. எந்த ஒழுங்கையால் தண்ணீர் முதலில் வந்தது என்று எங்களுக்கும் தெரியும். மணல் அள்ளி, உழவு மெசின் இறக்கி, மேடு பள்ளமாய்ப் போயிருந்த ஒழுங்கைகள் அவை.

சுனாமிக்குப் பிறகு கரையில் மரம் நடுவதற்கு நிறையப் பணம் வந்தது. நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது அப்போதுதான், நாட்கூலிக்கு. முதலில் நட்டது சவுக்கு. கிழக்குக் கரையில் மட்டுமில்லை, தமிழ்நாட்டுக் கரையிலும் அந்தக் காலத்தில் சவுக்கைத்தான் வரிசை வரிசையாக நட்டார்கள். வேகமாக வளரும், ஒரு வருசத்தில் படம் எடுத்துக் காட்டலாம், பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்தி. சவுக்கின்மேல் எனக்குக் கோபமில்லை. விறகு தரும், காற்றை மறிக்கும், வீட்டுக்குப் பின்னால் நிற்க நல்ல மரம். ஆனால் அலைக்கு நேர் முன்னால் அதற்கு வேலை இல்லை. உதிர்ந்த சவுக்கு இலை மெத்தையாகப் படிந்து கீழே ஒரு புல்லையும் முளைக்க விடாது. அடம்பன் போகும், மீசை போகும். அவை போனால் மணலைப் பிடிக்க ஆளில்லை. மாரிக்கடல் வந்து அடியை அறுத்தால் மரம் வேரோடு சாயும். முட்டையிட ஏறி வருகிற கடலாமைக்கு அந்த வேர்க்கூட்டத்துக்குள் குழி தோண்ட இடம் கிடையாது. தமிழ்நாட்டில் ஆமை பற்றி ஆராய்ந்தவர்களும் இதைத்தான் எழுதினார்கள். முன்வரிசை புல்லுக்கும் கொடிக்கும் உரியது, அதற்குப் பின்னால் தாழை, பற்றைச் செடிகள், அதற்கும் பின்னால்தான் மரம். கடல் தானாகவே போட்டு வைத்திருக்கிற ஒழுங்கு இது. நாங்கள் மாற்றிப் போட்டால் அது நிற்காது.

மீசை நடுகிற வேலையை எனக்குச் சொல்லித்தந்தவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு மேற்பார்வையாளர். நாங்கள் எல்லோரும், வினாயகபுரத்துப் பெண்பிள்ளைகள் உட்பட, அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் படித்தது விவசாயம், ஆனால் பாதி அறிவு கடற்கரையில் நடந்து நடந்து பெற்றது. முதல் நாளே சொன்னார்:

"வேரைப் பார்க்காதீங்க தம்பி, கணுவைப் பாருங்க. கணு உசிரோட இருந்தா வேர் தானா வரும்."

விதை போட்டு வளர்ப்பது மெத்தப் பாடு. கொடியை வெட்டி நடுவதுதான் வழி. நன்றாகத் தழைத்த பழைய திட்டிலிருந்து, மூன்று நான்கு கணு வருகிற மாதிரி முழ நீளத் துண்டாக வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் அறுத்துத் தள்ளக் கூடாது. அங்கொன்று இங்கொன்றாக எடுத்தால் தாய்த்திட்டு ஒரு மாரியில் மூடிக்கொள்ளும். ஆண் செடியிலும் எடுக்க வேண்டும், பெண் செடியிலும் எடுக்க வேண்டும். ஒரே பாலாக நட்டால் அந்தக் கரையில் விதைப்பந்து என்றைக்கும் உருளாது. வெட்டியதை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, வெயில் ஏறுமுன் நட்டு முடிக்க வேண்டும். அலவாங்கால் சரிவாகத் துளை போட்டு, இரண்டு கணு ஈரமணலுக்குள் போகிற மாதிரி இறக்கி, ஒரு கணுவை வெளியே விட்டு, குதிக்காலால் இறுக்க வேண்டும். மேலே இருக்கிற காய்ந்த மணலுக்குள் நட்டால் மூன்றாம் நாள் அது வைக்கோல். நேர்வரிசையாகவும் நடக் கூடாது. வரிசைக்கு நடுவே காற்று வாய்க்கால் பிடித்து ஓடும். மாற்றி மாற்றி நட வேண்டும்.

காலம் ஐப்பசி. முதல் மழை விழுந்து மணல் முழங்கை ஆழத்துக்கு நனைந்திருக்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் வாடைக் கடல் கரையைத் தின்னும். ஆகவே போன வருசம் அலை கொண்டுவந்து போட்ட சருகுக் கோட்டைத் தேடிப் பிடித்து, அதற்கு மேலேதான் முதல் வரிசை. மாசிக்குப் பிறகு கடல் தான் எடுத்த மணலில் பெரும்பங்கைத் திருப்பிக் கரையில் போடும். அது காயக் காயக் கடற்காற்று அதை அள்ளிக்கொண்டு மேலே வரும். அந்த நேரம் எங்கள் கொடி வேர்பிடித்து நின்றால் மேடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புல் சின்னதாக இருக்கும்வரை உதவிக்குக் கிடுகு வேலி கட்டுவோம். இடைவெளி விட்டுப் பின்னிய கிடுகு. நெருக்கமாகக் கட்டினால் காற்று மேலால் தாண்டிப் போய் அடிவாரத்தைத் தோண்டிவிடும். பாதிக்குப் பாதி ஓட்டை இருக்கிற வேலிதான் மணலைப் பிடிக்கும்.

முள்ளைப் பற்றி எழுதாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. பாட்டாச் செருப்பின் ஓரத்தால் நுழைந்து விரலிடுக்கில் ஏறும். ஏறினதும் நுனி முறிந்து உள்ளே தங்கும், மணலும் உப்பும் சேர்ந்து அடுத்த நாள் சீழ் வைக்கும். இரவு விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் கிளறி எடுப்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் வழக்கம். பெண்பிள்ளைகள் வெட்டுவதற்கு முன் கத்தரிக்கோலால் இலை நுனிகளை நறுக்கிவிடுவார்கள். அதனால் கொடிக்கு நட்டமில்லை. இலை குறைந்தால் ஈரம் போவதும் குறையும், வேர்பிடிப்பது இன்னும் நல்லது. அந்த முறையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இனி அந்த முள்ளுக்குள் குடியிருப்பவர்கள். நான் இந்தப் புல்லோடு ஒட்டிக்கொண்டதற்கு உண்மையான காரணம் அவர்கள்தான். விடியற்காலையில், காற்று எழும்புமுன், மேட்டில் கிடக்கிற தடங்கள் இரவு முழுக்க நடந்ததைச் சொல்லும். நடுவில் வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் விரல் தடமும் இருந்தால் ஓணான். மூன்று விரல் மட்டும் பதிந்து பின்விரல் இல்லாமல் இருந்தால் உப்புக்கொத்தி. சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் படிப்படியாகப் போயிருந்தால் சுருட்டைப் பாம்பு பக்கவாட்டாக நடந்திருக்கிறது. அன்றைக்கு அந்தத் திட்டில் வெட்டு வேலை கிடையாது. சுருட்டை சின்னப் பாம்பு, ஆனால் சீற்றம் பெரிது. உடம்பை வளைத்துச் செதிலோடு செதில் உரசினால் சரசரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே நின்று, அது போகிற திக்கைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுக்க வேண்டும். அது எங்களைத் தேடி வருவதில்லை. மீசைக்குள் எலியும் பல்லியும் பூச்சியும் இருப்பதால் அங்கே இருக்கிறது.

ஓணானில் ஒரு வகை உண்டு, கழுத்தில் விசிறி உள்ளது. ஆண் ஓணான் ஒரு சின்ன மேட்டு உச்சியில் ஏறி, தலையைத் தூக்கி, தொண்டைக்குக் கீழே மடித்து வைத்திருக்கிற தோலைப் படக்கென்று விரித்துக் காட்டும். துரத்தினால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால் இரண்டால் ஓடும். நேராக ஒரு மீசைக் குத்துக்குள் போய் மறைந்துவிடும். உள்ளே போனால் காகமும் தொடாது, நாயும் மூக்கை நீட்டாது. இலங்கையில் இருக்கிற இந்த ஓணான்களை நெடுங்காலமாக இந்தியாவில் உள்ளதோடு சேர்த்து ஒன்றாகத்தான் எழுதிவந்தார்கள். 2015இல் ஆய்வாளர்கள் இரண்டு புதிய இனங்களாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். ஒன்று வடக்குக் கரைக்கு உரியது, மற்றது தென்கிழக்குக் கரைக்கு உரியது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு உயிர் இந்த வறண்ட கரை மணலில் ஓடித்திரிந்திருக்கிறது, இவ்வளவு காலமும் அதற்குச் சொந்தப் பெயர் இல்லை.

உப்புக்கொத்திக்கும் அதே கதை. குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, மணல் நிறப் பறவை. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். முட்டையிடுவது வெறும் மணலில் ஒரு சின்னக் குழியில். சுற்றிச் சிப்பித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டிருக்கும். இரண்டோ மூன்றோ முட்டை. மணல் நிறத்தில் கறுப்புக் கிறுக்கலோடு இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. ஆள் கிட்டப் போனால் தாய் ஒரு இறகு முறிந்ததுபோல இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் தத்தித் தத்தி ஓடும். பின்னாலே போனீர்களானால் முப்பது நாற்பது அடி கூட்டிக்கொண்டு போய்விட்டுப் பறந்துவிடும். குஞ்சு பொரித்த நாளே எழும்பி ஓடும். ஆனால் அந்தச் சுடுமணலில் அதனால் நெடுநேரம் நிற்க முடியாது. மீசைக் குத்தின் அடியில், இலை மணலைத் தொடுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல் இருக்கும். மத்தியான வெயிலில் குஞ்சுகள் அதற்குள் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். நடுகை முடிந்த மேட்டில் முதன்முதலாக நான் அதைக் கண்டபோது, அந்த மேட்டைப் பற்றி எந்த அறிக்கையில் யார் என்ன எழுதினாலும் எனக்குக் கவலையில்லை என்று இருந்தது.

இந்தப் பறவையை 1915இல் ஒரு துணையினமாக எழுதிவைத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். 2023இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரித்தானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குடியிருக்கிற இந்த உப்புக்கொத்தி தனி இனம் என்று நிறுவினார்கள். வடக்கே இருந்து வருகிற வெண்கழுத்து உப்புக்கொத்தியிலிருந்து இது ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டதாம். இராமர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். எங்கள் கரையில் அனுமனின் குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பது இராவணனின் மீசை. இதைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், மறக்கவே மாட்டார்கள்.

கடலாமை பற்றியும் சொல்ல வேண்டும். உலகத்தில் ஏழு வகை கடலாமை உண்டென்றால் ஐந்து வகை இலங்கைக் கரையில் முட்டையிடும். இரவில் ஏறி வந்து, அலை எட்டாத உயரத்தில், செடி தொடங்குகிற விளிம்பில் குழி தோண்டும். சிற்றாமை ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குமேல் இடும். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். குஞ்சு கடலை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், வெளிச்சமான அடிவானத்தை நோக்கி, இருண்டு உயர்ந்து நிற்கிறதுக்கு எதிர்ப்பக்கமாக நடக்கும். பின்னால் இருண்டு உயர்ந்து நிற்க வேண்டியது மணல்மேடு. மேடு இல்லாத இடத்தில் வீதி விளக்கு தெரியும், குஞ்சு வீதிக்குப் போகும். பொரிக்காமல் போன முட்டைகளும் ஓடுகளும் மணலிலே மக்கிப் புல்லுக்கு உரமாகும் என்பதைப் புளோரிடாக் கரையில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். வெறும் மணலில் உரத்துக்கு வேறு வழியேது? ஆமைக்கு மேடு வேண்டும், மேட்டுக்கு ஆமை வேண்டும்.

எங்கள் மீசைக்குத் தாவரவியலில் ஸ்பினிபெக்ஸ் என்று பெயர். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஸ்பினிபெக்ஸ் என்று சொன்னால் கடற்கரைப் புல்லைவிடப் பாலைவனத்து முள்ளுப் புல்லைத்தான் சனங்கள் நினைப்பார்கள். தாவர நூல்களில் அதற்கு டிரயோடியா என்று வேறு பெயர், எங்கள் மீசைக்குத் தூரத்து உறவு. அந்தக் கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் புல்தான் குமிழ் குமிழாக மூடியிருக்கிறது. உலகத்திலேயே ஆகக் கூடுதலான பல்லி, ஓணான் வகைகள் சேர்ந்து வாழ்கிற இடங்களில் அதுவும் ஒன்று. எரிக் பியாங்கா என்ற அறிஞர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அதை எண்ணி எழுதுவதில் கழித்தார். புல்லைக் கறையான் தின்னும், கறையானைப் பல்லி தின்னும், பல்லிக்கு வீடு அதே புல். இரவுக்கிளி என்று ஒரு பறவை, அற்றுப்போயிற்று என்றே பலரும் நினைத்திருந்தது, 2013இல் குயின்ஸ்லாந்தில் படமெடுக்கப்பட்டது. அது பகலில் படுப்பதும் கூடு வைப்பதும் அந்த முள்ளுக் குமிழுக்குள் குடைந்த சுரங்கத்தில். 2024இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடிகளின் நிலத்தில் ஐம்பது கிளிகள் வரை இருக்கலாம் என்று கண்டார்கள். கண்டவர்களில் அந்த மண்ணைக் காக்கிற ஆதிக்குடிக் காவலர்களும் உண்டு. இதை வாசித்தபோது, முள் இருக்கிற இடத்தில் பலவீனமான உயிர்கள் தப்பிக்கின்றன என்று நான் கரையில் கண்டது அந்தப் பாலைவனத்துக்கும் பொருந்துகிறதே என்று மனதுக்கு இதமாக இருந்தது.

எங்கள் வேலையில் கடினமான பகுதி மனிதர்கள். கரைவலைக்காரர்களுக்கு மீசை ஆகாது. வலை இழுக்கிற இடத்தில் முள்ளிருந்தால் கால் போகும், வலை கிழியும். நாங்கள் நட்டுக்கொண்டிருந்தபோது மீன்வாடியில் இருந்து ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"என்ன மனே, தென்னங்கண்டு நட்டா தேங்காயாவது வரும். இந்த முள்ளப் போய் நடுறியளே, வலைய எங்க இழுக்கிற?"

"எங்க இழுப்பீங்களெண்டு காட்டுங்க பெரியப்பா. அந்த இடத்த விட்டுத்தாறம்."

அவர் காட்டினார். காட்டியதோடு நிற்கவில்லை, எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், மடி எங்கே கரையேறும் என்று மணலில் கோடு போட்டு விளக்கினார். அந்தக் கோடுகளை வைத்துத்தான் நாங்கள் நடுகையைத் திருத்தினோம். வலை இழுக்கும் துண்டுகளை விட்டுவிட்டு இடையில் நட்டோம். மேட்டைத் தாண்டி வாடிக்குப் போகிற பாதைகளைக் கடலுக்கு நேராக விடாமல் சரிவாக விட்டோம். நேர்ப்பாதை என்றால் காற்று அதற்குள் புகுந்து மேட்டையே பிளந்துவிடும். கடல் ஏறினாலும் அதே பாதையால்தான் ஏறும். சரிவுப்பாதையில் தோணிக்காரர் பத்து அடி கூட நடக்க வேண்டும், அதற்கு அவர்கள் சம்மதித்தார்கள். கரைவலைக்காரரோடு பேசாமல் கரையில் ஒரு கொடியையும் நடக் கூடாது என்பது அன்றிலிருந்து என் கட்டாயம்.

சம்மதிக்காதவர்களும் இருக்கிறார்கள். மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பெடியன்கள், இரவில் மணல் ஏற்றுகிற உழவு மெசின்காரர்கள். சட்டம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அனுமதியில்லாமல் மேட்டில் கை வைக்க முடியாது. ஆனால் மீசைக் கொடியை ஒரு சக்கரம் ஒரு தடவை மிதித்தால் கணு நசுங்கிவிடும். சட்டம் வந்து சேர்வதற்குள் இரண்டு மாரி போய்விடும். இல்மனைட் மணல் எடுக்க வேண்டும் என்ற பேச்சு திருக்கோவில் கரைக்கு வந்தபோது ஊர்ச்சனம் வீதிக்கு இறங்கியது. நானும் போனேன். புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாக அந்த மணல் எடுக்கிறார்கள், அதனால் நாட்டுக்கு வருமானம் உண்டு என்று சொல்வார்கள். ஆனால் மேட்டை எடுத்துவிட்டு மணலை மட்டும் திருப்பிக் கொட்டினால் மேடு திரும்பி வராது. எனக்கு அது கைப்பட்ட விசயம். ஆடி மாதம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற சனம் இந்தக் கரையோரமாகவே நடந்து, உகந்தை முருகனைக் கும்பிட்டு, காட்டுக்குள் இறங்கும். அவர்களுக்கும் இந்த மேடு வேண்டும்.

போன மாதம் நிந்தவூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொடி வேண்டும், எவ்வளவு காசென்றாலும் தருகிறோம் என்றார்கள். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தது. அலைதடுப்புச் சுவர் கட்டிய நாளிலிருந்து, தெற்கே இருந்து கரையோடு வடக்கே நகர்ந்த மணல் அங்கே தடுக்கப்பட்டு, வடக்கே இருக்கிற ஒலுவிலும் நிந்தவூரும் தென்னைமரத்தோடும் வளவோடும் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். கடல் செங்குத்தாக அறுத்து வைத்திருக்கிற இடத்தில் மீசை நட்டுப் பயனில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. புல்லால் வருகிற மணலைத்தான் பிடிக்க முடியும், வராத மணலை உண்டாக்க முடியாது. தெற்கே தேங்குகிற மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடுகிற வேலையைத் துறைமுகத்துக்குப் பொறுப்பானவர்கள் வருசாவருசம் செய்தாக வேண்டும். அதைக் கேட்டு எழுதுங்கள், கையெழுத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தோம். ஊருக்கு வடக்கே ஒரு துண்டு மணல் சாய்வாக, இன்னும் அறுபடாமல் கிடந்தது. அடம்பன் கொஞ்சம் ஏறியிருந்தது, உப்புக்கொத்தித் தடமும் இருந்தது. அங்கே நடலாம். அந்தக் கரையில் ஐப்பசியில் நட்டால் மாரிக்கடல் கொண்டுபோய்விடும், ஆகவே தை பிறந்து கடல் இறங்கினதும், மணல் ஈரம் காயுமுன் நடுவதாகப் பேசியிருக்கிறோம். கிடுகு அவர்கள் பொறுப்பு, கொடி எங்கள் பொறுப்பு. அதுவரைக்கும் அந்தத் துண்டில் உழவு மெசின் இறங்காமல் இரண்டு பக்கமும் கட்டை நட்டுக் கயிறு கட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.